உன் பெட்ரோல் வண்டியை இப்போதைக்கு விற்காதே

அன்பிற்குரிய மைத்துனனுக்கு,

உன் அக்காளைக் கட்டிய பாவி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காளும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் எழுதிவிட்டேன். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நிஜமாகவே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நாலு வார்த்தை பேசினால் எனக்கு மூச்சு வாங்குகிறது, கை மட்டும் இன்னும் ஓடுகிறது. தவிரவும் போனில் பேசினால் உன் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு "அப்படியா நடந்துச்சு?" என்று வரிக்கு வரி திருத்துவாள்.

நமது கார் பிரியர்கள் சங்கத்தின் தலைவர் காலமான செய்தி உனக்கு எட்டியிருக்கும். வெளியூர் உறுப்பினரான உனக்கு இறுதிச் சடங்கின் விவரத்தைத் தெரிவிக்கச் செயலாளர் என்ற முறையில் கடமைப்பட்டிருக்கிறேன். நம்மில் ஒருவர் போய்விட்டால் மற்றவர்கள் எல்லோரும் வண்டியோடு வந்து வரிசையாக நிறுத்தி, உடலை உள்ளே எடுக்கிற நேரத்தில் ஒன்றாக ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து ஒரு நிமிஷம் உறும விடுவது நம் வழக்கம் அல்லவா? அதை ஏற்படுத்தியவரே தலைவர்தான். அவருக்கே அதைச் செய்கிற பாக்கியம் நமக்குக் கிடைத்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். போனவன் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கோணல் முற்றும் கோணல்னு சொல்லுவாங்களே, அது மயான வாசல்லயே ஆரம்பிச்சுடுச்சு. அது மின்மயானம். பெட்ரோல் பெட்ரோல்னு உயிரை விட்ட மனுஷனைக் கடைசியில கரண்ட்லதான் எரிச்சாங்க மாப்ளே. சரி, அது நம்ம கையில இல்லைன்னு மனசைத் தேத்திக்கிட்டு நிக்கிறேன், சங்கத்துல உள்ளூர்ல மிச்சமிருக்கிற மூணு பேரும், பல் டாக்டர் வந்தாரு, வக்கீல் வந்தாரு, கணக்கு வாத்தியார் வந்தாரு. வந்தாங்கன்னு கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், காதுக்கு ஒண்ணும் எட்டல. மூணும் எலக்ட்ரிக் வண்டி! அடப்பாவிகளா, எப்பய்யா மாத்தினீங்கன்னு கேட்டா, ஒவ்வொருத்தரும் மத்த ரெண்டு பேரைப் பாத்து முழிக்கிறாங்க. போன வருஷமே வாங்கியிருக்காங்க, சங்கத்துக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடல. கூட்டத்துக்கெல்லாம் ஆட்டோல வந்தாங்களே, எதுக்குன்னு இப்பத்தானே புரியுது. தான் ஒருத்தன்தான் துரோகி, மத்தவங்க உறுமுறதுல கலந்துடலாம்னு மூணு பேரும் நம்பி வந்திருக்காங்க.

நம்ம வண்டி ஒண்ணு இருக்கு, அது போதும்னு நான் போய் உக்காந்தேன். தலைவரைத் தூக்கிட்டுப் போறாங்க. நான் கையைத் தூக்கி சைகை காட்டி சாவியைத் திருப்பினேன். டுக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். வீட்டுல ஒரே தட்டுல கிளம்பின வண்டி, நாலு பேர் எதிர்ல கழுத்தறுத்துடுச்சு. இந்தப் பக்கம் மூணு வண்டியிலயும் விளக்கு மட்டும் மினுக்குது. வக்கீல் வண்டிக்குள்ள ஒரு பொம்பளை இருக்கா பாரு, மெஷின் பொம்பளை, அவ சரியா தலைவரை உள்ளே தள்ளுற நேரத்துல "கதவு சரியாக மூடப்படவில்லை, தயவுசெய்து மூடவும்"னு கணீர்னு சொல்றா. மயான ஊழியர் பதறிப்போய் உலைக் கதவை ஒரு தடவை இழுத்துப் பாத்தாரு. பல் டாக்டர் என்கிட்ட ஓடி வந்து, தன் வண்டியில ஸ்பீக்கர் வழியா இஞ்சின் சத்தம் வரவைக்கலாம், வைக்கட்டுமான்னு கேட்டாரு. வச்சாரு. மிக்ஸி ஓடுற மாதிரி இருந்துச்சு. நிறுத்துய்யா, செத்தவர் காதுல விழப்போகுதுன்னேன்.

விட்டேனா? பல் டாக்டர் வண்டியில கயிறு கட்டி, என் வண்டியை இழுக்கச் சொல்லி, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச்சை விட்டேன். எலக்ட்ரிக் வண்டி இழுத்துப் பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆச்சு மாப்ளே, இந்தக் கேவலத்தை எந்தக் கங்கையில கழுவுறது! ஆனா ஸ்டார்ட் ஆச்சு. ஆனதும் மிதிச்சேன் பாரு ஒரு மிதி, மயானச் சுவர் அதிர்ந்துச்சு, கறுப்புப் புகை ஒண்ணு கிளம்பி வந்தவங்க மேல எல்லாம் அப்பிடுச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. புகையினாலதான்னு வச்சுக்கோயேன். அப்பத்தான் தலைவர் சம்சாரம் புடவைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு என் ஜன்னல்கிட்ட வந்து நின்னாங்க. நன்றி சொல்ல வர்றாங்கன்னு நினைச்சேன். "அணைச்சிடுங்கண்ணா"ன்னாங்க. "ஞாயித்துக்கிழமை ஆனா இந்தச் சத்தம் கேக்கும். கேட்டா மனுஷன் கிளம்பிட்டார், பொழுது சாஞ்சுதான் வருவார்னு அர்த்தம். அதான் இப்ப ஒரேயடியா கிளம்பிட்டாரே. இன்னும் எதுக்கு?" கோபமா சொல்லல, பால்காரர்கிட்ட நாளைக்கு வேண்டாம்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. அணைச்சுட்டேன். மறுபடி ஸ்டார்ட் ஆகல. அதே கயித்துலதான் வீடு வந்து சேர்ந்துச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அடுத்த முறை என்னுது. உன் அக்கா உன்கிட்ட பூசி மெழுகியிருப்பா. மயானத்துக்குப் போய் வந்த பிறகு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனா, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, நுரையீரல் தேஞ்சு போச்சு, சிகரெட் எத்தனை வருஷமான்னு கேட்டாரு. நான் பிடிச்சதே இல்ல டாக்டர், என் வண்டிதான் பிடிக்கும், நான் பக்கத்துல நிப்பேன்னேன். அவர் சிரிக்கல. ஷெட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு இஞ்சினை ஓடவிட்டு ட்யூன் பண்ணினதையெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. இப்ப படுக்கையறையில ஒரு ஆக்ஸிஜன் மெஷின், மூக்குல ரெண்டு குழாய், கழிவறைக்குப் போனாலும் வால் மாதிரி கூடவே வருது. ஆஸ்பத்திரிக்குப் போய்வர மகள் ஒரு எலக்ட்ரிக் வண்டி வாங்கிக் குடுத்திருக்கா. என் வண்டியை வெளியே தள்ளிட்டு அதை ஷெட்டுல விட்டாச்சு. ஓட்டுறது யாருன்னு நினைக்கிறே? உன் அக்கா! கிளட்ச்சைத் தேய்ச்சுடுவான்னு நான் கடைசி வரைக்கும் சாவியையே கண்ணுல காட்டாத உன் அக்கா. இதுல கிளட்ச்சே இல்லையாம். பக்கத்து சீட்டுல நான் பொட்டலம் மாதிரி உக்காந்து போறேன்.

மூணு பேரும் மாறிட்டாங்க, என் வண்டியை நம்பவே முடியல. மிச்சம் நீ ஒருத்தன். நீயும் புது எலக்ட்ரிக் வண்டிக்குச் சொல்லி வச்சிருக்கேன்னு கேள்விப்பட்டதும் தூக்கிவாரிப் போட்டுச்சு. உன் கையைக் காலாப் பிடிச்சுக் கேக்குறேன், இப்ப விக்காதே. ரொம்ப நாள் காக்க வைக்க மாட்டேன், டாக்டர் பேச்சைப் பாத்தா மழைக்காலம் தாண்டுறதே சந்தேகம். என்னை உள்ளே தள்ளுறப்ப ஒரே ஒரு வண்டியாவது உறுமணும்டா. மிக்ஸி சத்தத்துல என்னை அனுப்பிடாதீங்க.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. உன் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கங்களும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளும், உன் வண்டியின் சைலன்சருக்கு என் தனிப்பட்ட விசாரிப்பும் உரித்தாகுக.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கையெழுத்துப் போட்டு மடிக்கிற நேரத்துல கரண்ட் போயிடுச்சு. மெஷின் ஒரு கத்து கத்திட்டு நின்னுச்சு. அவசரத்துக்குன்னு வச்சிருந்த சிலிண்டர் ரொப்பப் போயிருக்கு. மூச்சு இழுத்தா உள்ளே போகல மாப்ளே, சுவர்ல மோதுற மாதிரி இருந்துச்சு. உன் அக்கா ஷெட்டுக்கு ஓடி, அந்த வண்டியில வெளியே கரண்ட் எடுக்க ஏதோ பிளக் இருக்காம், அதுல ஒயரைச் சொருகி ஜன்னல் வழியா இழுத்து வந்து மெஷின்ல போட்டா. மூச்சு வந்துச்சு. நாள் முழுக்கத் தாங்கும், பேசாம படுங்கன்னா. சொல்லிட்டு வண்டிக்குள்ள போய் உக்காந்து, சார்ஜ் இறங்குற நம்பரையே பாத்துக்கிட்டிருக்கா. இங்கேருந்து ஜன்னல் வழியாத் தெரியுது, கண்ணைத் துடைச்சுக்குறா. அந்த ஷெட்டுல நான் எத்தனையோ வண்டி வச்சிருந்தேன், எல்லாம் என் மூச்சை வாங்குச்சு, ஒண்ணும் திருப்பிக் குடுத்ததில்ல.

மேலே எழுதினதை எல்லாம் அடிச்சுடு. உன் வண்டியை வித்துடு. என் சாவுக்கு யாரும் உறும வேண்டாம். சாவுக்குன்னு காத்துக்கிட்டிருக்காம, எந்த வண்டி கிடைக்குதோ அதுல இந்த வாரமே கிளம்பி வா. உன் அக்கா ரொம்பப் பயந்துபோயிருக்கா, உன்கிட்ட சொல்ல மாட்டா. நானும் பயந்துதான் போயிருக்கேன்.