கொல்லயில் மண்டையோட்டுப் படலம்

வாழ்க அனூப்! ஒற்றைக் காதில் கம்மல் அணிந்தோன், குச்சி இரண்டால் கொல்லயில் என்னும் ஊரின் தென்னந்தோப்பு அணில்களை அலறவைத்தோன், 'பிரளயம்' என்னும் ராக் இசைப் படையின் தலைவன் வாழ்க! டப்பாவின் அடியில் உறைந்து கிடக்கும் எனாமல் பெயிண்டுத் தாயே, அவன் பட்ட பாட்டைப் பாட எனக்கு நா தருவாய்!

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில், பெரிய டிரம்மின் முகத்தோலில் அவன் தன் கையாலேயே வரைந்தான் படைச்சின்னம்: சங்குவெண்ணிற மண்டையோடு, வாய் நிறையப் பல், உச்சியில் கொழுந்துவிட்டெரியும் செந்தீ. அதைக் கண்டு பாறசாலை ஊரே நடுங்கவேண்டும் என்பதொன்றே அவன் பிறவிப்பயன். ஆனால் அந்நாட்டில் ராக் படைக்குத் தனிக்களம் ஏது? திருவிழா மேடையே களம், கமிட்டிக்காரர்களே திக்குப்பாலகர்.

முதற்போர் கோயில் முற்றத்தில் மூண்டது. முறுக்குமீசைக் கமிட்டித் தலைவர் தங்கப்பன் இடியென முழங்கினார்: "எலே, அம்மைக்க நடையில பல்ல இளிச்சிட்டு நிக்கப்பிடாது, ஆக்கும்!" கூண்டுவேங்கைபோல் உறுமியபடியே வீரன் பற்களைப் பூசி மூடினான். புதுத்தோல் வாங்கும் வழக்கம் 'பிரளய'த்துக்கு இல்லை. பழசின் மேலேயே பூசுவதுதான் மரபு.

இரண்டாம் போர் தேவாலயப் பெருநாளில். கமிட்டிச் செயலாளர் விஜயதாஸ் அறைகூவினார்: "கல்லறைக்குப் பக்கத்தில வெள்ளெலும்பு வேண்டா மக்கா. நிறத்த மாத்து!" வீட்டு கேட்டுக்கு அடித்ததுபோக மிஞ்சிய தவிட்டு நிறம் எலும்பை விழுங்கியது. அடுத்துத் தேர்தல் வந்தது. செந்தீ கட்சிக்கொடியாகத் தெரிகிறதென்று கிளப் ஆண்டுவிழாக்காரர்கள் கலங்க, தீயும் பச்சையாயிற்று. ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சு வெந்தது மெய். ஆயினும் கண்குழி இரண்டும் மூக்குக்குழி ஒன்றும் எஞ்சியிருக்க, மண்டையோடு மண்டையோடே என்று தேறினான்.

வந்தது எல்லையூராம் பனச்சமூட்டுப் பெருமேடை! திரை விலகியது, இரு மாநிலத்து மக்களும் கடலெனத் திரண்டிருக்க, இன்று நடுங்கும் இவ்வுலகென்று அனூப் குச்சியை ஓங்கினான். அக்கணம் முன்வரிசையில் ரத்னபாய் என்றொருத்தி எழுந்தாள், டிரம்மை உற்றுநோக்கினாள், அவையதிர வினவினாள்: "மக்கா, எண்ணெ மில்லு தொறந்துட்டியளா? கொப்பர ஆட்டித் தருவியளா?"

டிரம்முக்குப் பின்னால் இருப்பவனுக்கு அதன் முகம் தெரியாது. எட்டிப் பார்த்தான் அனூப்: தவிட்டு நிற உருண்டை, மூன்று கண், உச்சியில் பச்சைக் கீற்று. கண்ணில் நீர் முட்டியது. சிரிப்பொலி கடலெனப் பொங்க, அதையும் மிஞ்சுவேனென்று இடியும் மின்னலும் நாண அடித்தான், அடித்தான், குச்சி முறியும்வரை அடித்தான்!

மறுநாள் காலையில் கொப்பரைச் சாக்கோடு மூன்று பேர் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.