ஒரு ‘ஏ’ கூடிப்போச்சு

பயந்தவன் எதையும் அரைகுறையாகப் படிக்கமாட்டான். கெட்டிக்காரனுக்குப் பாதி தெரிந்தால் போதும், மிச்சத்தை வாயால் சமாளித்துவிடுவான். என்னைப் போன்றவன் முழுவதையும் பாடமாக்கி, கொட்டக்கூடாத இடத்தில் முழுவதையும் கொட்டிவிட்டு வருவான்.

நான் கிளிநொச்சிப் பக்கம் உருத்திரபுரத்தில் தண்ணீர் இறைப்பு மிசின் திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இடம்பெயர்ந்து ஓடினதில் புத்தகப்பை ஓர் ஊரில், நான் இன்னோர் ஊரில். அதற்குப் பிறகு எழுத்து என்றாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். (இப்பவும் பாங்குக்குப் போனால் ரெண்டு பேனை கொண்டு போறனான். ஒண்டு எழுதாட்டில்?)

அப்படிப்பட்ட என்னைப் பிரெஞ்சு படிக்க வைத்தவள் என் மனைவி யசோ. அவள் பிரான்சில் ஒரு வெதுப்பகத்தில் வேலை செய்கிறவள். லீவில் வந்து என்னைக் கலியாணம் கட்டி, லீவு முடியத் திரும்பிப் போனாள். என்னை அங்கே கூப்பிடுவதென்றால் இரண்டு பேர் இருக்கக்கூடிய வீடு ஒன்றைக் காட்டவேண்டும். அவளோ வேறு பெண்களோடு ஓர் அறையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தாள். வீடு இல்லாவிட்டால் பேப்பர் நகராது, பேப்பர் நகராவிட்டால் நானும் நகர ஏலாது.

கிளிநொச்சிச் சந்தைக்குக் கிட்ட, ஒரு கடைக்கு மேல்மாடியில் பிரெஞ்சு வகுப்பு நடந்தது. போய்ப் பார்த்தால் அத்தனை பேரும் புதுக் கலியாணப் பெண்கள். தாலிக்கொடி மினுங்க முன்வரிசையில் இருந்து ‘போன்ஜூர்’ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளை என்று நான் ஒருத்தன், கடைசிக் கதிரையில், நகத்துக்குள் கிறீசோடு.

ரீச்சர் என்னைவிட வயதில் குறைந்தவ. ஆனாலும் அவ கறுப்புப் பலகைப் பக்கம் திரும்பினாலே நான் எழும்பி நிற்பேன். “இருங்கோ அண்ணா, இது பள்ளிக்கூடம் இல்லை” என்று ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியிருந்தது.

முதல் மாதங்களில் ஒன்றும் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் அவ இறந்தகாலம் ஒன்றைத் தொடங்கினா. பெயர் இம்பர்ஃபே.

“இது லேசு. முதல்ல ‘நாங்கள் கதைக்கிறம்’ எண்டதை எடுங்கோ. நூ பார்லோன். அதின்ர வால், அந்த ‘ஓன்’, அதைக் கழட்டுங்கோ. மிச்சம் என்ன?”

“பார்ல்” என்றார்கள் பெண்கள்.

“அதில புது வாலைப் பூட்டுங்கோ. ஜு பார்லே. து பார்லே. இல் பார்லே.”

கழட்டுங்கோ, பூட்டுங்கோ! என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரீச்சர் எனக்கு விளங்குகிற பாசையில் கதைத்தா. மிசினில் பழைய வாசரைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகிற வேலைதானே இது! ‘முடிக்கிறோம்’ என்பதற்கு நூ ஃபினிசோன். ‘ஓன்’ஐக் கழற்று, ‘ஏ’யைப் பூட்டு, ஜு ஃபினிசே. எந்த வினையைக் கொண்டுவந்தாலும் அதே சாவிதான். (எழுதும்போது அந்த ‘ஏ’ மூன்று விதம். வாயில் வருவது ஒன்றுதான். இவ்வளவு எழுத்தையும் எழுதிவிட்டு வாசிக்காமல் விடுகிற சனத்தை நான் வேறெங்கும் காணேல்லை.) ‘இரு’ என்கிற வினை மட்டும் இந்தச் சாவிக்கு அசையாது, அதுக்குத் தனியாக ஜெத்தே என்று பாடமாக்கவேணும் என்றா. ஆக்கினேன்.

“இதை எப்ப பாவிக்கிறது ரீச்சர்?” என்று முன்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டது.

“முந்தி வழக்கமாச் செய்த விசயத்துக்கு. ‘முந்தி நான் பள்ளிக்கூடம் போறனான்’ எண்டு சொல்லுவமெல்லே? அந்தப் ‘போறனான்’தான் இம்பர்ஃபே.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. போறனான், வாறனான், கதைக்கிறனான். நாள் முழுக்க நாங்கள் பேசுகிற பேச்சு! அன்றைக்கு உருத்திரபுரம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் ‘ஏ, ஏ’ என்று கத்திக்கொண்டே வந்தேன். வாய்க்கால் கரையில் மேய்ந்த மாடுகள் ஒதுங்கி வழிவிட்டன.

இந்த நேரத்தில்தான் யசோவுக்கு வீடு ஒன்று சரிவந்தது. அவள் வேலை செய்கிற தெருவில் ஒரு வயதான மடாம், தன் வீட்டு மேல்தட்டை வாடகைக்குக் கொடுக்கச் சம்மதித்தா. ஒரேயொரு நிபந்தனை.

“வரப்போற ஆளோட தான் கதைச்சுப் பார்க்கவேணுமாம். நான் பக்கத்தில நிண்டு சொல்லித்தரவும் கூடாதாம்” என்றாள் யசோ. “பயப்பிடாதேங்கோ. தெரிஞ்சதைச் சொன்னாக் காணும்.”

பயப்படாமல் இருப்பதா? ஒரு கிழமையாகச் சோறு இறங்கவில்லை. வீடு கிடைக்காமல் போனால் அது என்னுடைய வாயால்தான் போகும். மடாம் என்னென்ன கேட்பா என்று யோசித்து, மறுமொழிகளைத் தமிழில் செய்து, ஒவ்வொன்றாகப் பிரெஞ்சுக்கு மாற்றினேன். நான் யசோவோட ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான். நான் வேலை செய்யிறனான். நான் புகைக்கிறேல்லை, ஆனால் அதுவும் வழக்கம்தானே, எதற்கும் ஒரு ‘ஏ’ கிடக்கட்டும்.

அந்த நாள் வந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் வீடியோவுக்குச் சிக்னல் காணுவது வாய்க்கால் கட்டின் மேல் மட்டும்தான். கலியாணச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் நின்றேன். போனை, என்னோடு இருக்கிற என் அக்கா பிடித்தா. கீழே நான் கட்டியிருந்தது சாரம்தான். (அக்காவுக்குச் சொல்லியிருந்தேன், இடுப்புக்குக் கீழ காட்டாதை எண்டு.)

மடாம் திரையில் வந்தா. நல்ல முகம், சிரித்த முகம்.

யசோவோடு கதைக்கிறீர்களா என்று கேட்டா.

“ஜு பார்லே அவெக் யசோ” என்றேன், கணீரென்று. கூடவே, “ஒவ்வொரு நாளும்.”

மடாமின் சிரிப்பில் கொஞ்சம் குறைந்தது. வேலை?

“ஜு த்ராவாயே!”

இன்னும் குறைந்தது. புகைப்பீர்களா?

“ஜு ந ஃபுமே பா.”

“எ மான்த்னோன்?” என்றா.

இந்தச் சொல் எனக்குத் தெரியாது. தெரியாத சொல்லுக்கு ‘ஓம்’ என்பதுதான் பத்திரம் என்பது என் வாழ்நாள் கொள்கை.

“வுய், வுய்!”

கடைசியாக மடாம் திரைக்குக் கிட்ட வந்து, மெதுவாக, “வூஸெமே யசோ?” என்றா. யசோவில் அன்பா? கேட்டீர்களா, அவவும் ‘ஏ’யில்தான் முடிக்கிறா! என் சந்தேகமெல்லாம் பறந்தது. நெஞ்சில் கையை வைத்தேன்.

“வுய் மடாம். ஜெமே போகூ மா ஃபம்!” எனக்கு என் மனைவியில் சரியான அன்பு.

மடாம் கண்ணாடியைக் கழற்றினா.

“டேய், என்னடா, அந்த மனுசி அழுகுது?” என்றா அக்கா.

“சந்தோசத்தில அக்கா” என்றேன். “இலக்கணம் அப்பிடி.”

போன் நின்றது. நான் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவி, ஒரு வெற்றிவீரனைப் போல வீட்டுக்குப் போய் ஒரு கோப்பை சோறு கூடச் சாப்பிட்டேன். பின்னேரம் யசோ எடுத்தாள்.

“இஞ்சருங்கோ, மடாமுக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“எல்லாம் சொன்னனான். ஏன், வீடு தாறாவாமே?”

“தாறாவாம். எனக்கு மட்டும் தாறாவாம்! என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டு, கேக்கும் வெட்டித் தந்தவா. உன்ர மனுசன் முந்தி உன்னோட கதைக்கிறவராம், இப்ப இல்லையாம். முந்தி வேலை செய்தவராம். முந்தி புகைக்கிறேல்லையாம், ‘இப்ப?’ எண்டு கேட்டதுக்கு ஓம் ஓம் எண்டவராம். முந்தி உன்னில சரியான அன்பா இருந்தவராம். அப்பிடிப்பட்டவன் உனக்கு வேண்டாம் பிள்ளை எண்டு சொல்லுறா!”

நான் நின்ற இடத்திலேயே குந்தப் போனேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டா.

“பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லன் யசோ! எட்டாம் வகுப்பு எண்டு சொல்லு!”

“சொன்னனான். நம்பமாட்டன் எண்டுறா. பிழையாச் சொல்லுறவர் எண்டால் இப்பிடிச் சொல்ல ஏலாதாம். ஒரு வினைகூட உடையேல்லையாம். யோசிச்சு, தெரிஞ்சுதான் சொன்னவராம்.”

வீடு போகப்போகிறது. யசோ அழுகிறாள். அந்த நேரத்திலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள்ளே எவனோ ஒருத்தன் நெஞ்சை நிமிர்த்தினான். ஒரு வினைகூட உடையேல்லையாம்!

அடுத்த நாள் ரீச்சரிடம் ஓடினேன். அவ தலையில் கையை வைத்துக்கொண்டா.

“அண்ணா, ‘முந்தி நான் போறனான்’ எண்டு சொன்னனான். நீங்கள் ‘முந்தி’யை விட்டிட்டுப் ‘போறனானை’ மட்டும் பிடிச்சிட்டீங்கள். நாங்கள் இப்ப நடக்கிறதுக்கும் ‘போறனான்’ எண்டுதானே சொல்லுறம். அவைக்கு அந்த ‘ஏ’ வந்தால் கதை முடிஞ்சுது.”

“இப்ப என்ன செய்யிறது ரீச்சர்?”

“பூட்டினதைக் கழட்டுங்கோ.”

யசோ கெஞ்சிக் கூத்தாடி மடாமை இன்னொரு தடவை திரைக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை அவளும் கூட நின்றாள். அதே கட்டு, அதே சேர்ட், அதே அக்கா. நான் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஜு பார்ல். ஜு த்ராவாய். ஜு ந ஃபும் பா. ஜெம் மா ஃபம்.

மடாம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தா. பிறகு, இவ்வளவு தெரிந்தவர் அன்றைக்கு ஏன் ‘ஜெமே’ என்றார் என்று கேட்டா. யசோ மொழிபெயர்த்தாள். அதற்குரிய விளக்கம் என்னிடம் இருந்த பிரெஞ்சுக்குள் அடங்காது. ஆனால் ‘ஜெமே’ எங்கே வரும் என்று இப்போது தெரியும் என்பதைக் காட்ட ஒரு வசனம் வேண்டும். தயார்செய்யாத வசனம். அது தானாக வந்தது.

“கான் ஜெத்தே பெத்தி, ஜெமே லெகோல்.”

சின்னனாக இருக்கேக்க எனக்குப் பள்ளிக்கூடம் விருப்பம்.

மடாம் கட்டின கையை அவிழ்த்தா. பிறகு தலையை ஆட்டி, “வீட்டுக்கு ரெண்டு பேரின்ர பேரையும் போடுவம்” என்று யசோவிடம் சொன்னா. யசோ அதைத் தமிழில் கத்த, அக்கா போனைக் கீழே விட்டா. நல்ல காலம், சேற்றில்தான் விழுந்தது. என் சாரம் முழுதாகத் திரையில் தெரிந்ததாம், யசோ பிறகு சொன்னாள்.

இப்போது பேப்பர் நகர்கிறது. நான் இன்னும் வகுப்புக்குப் போறனான். புதுப் பெண்கள் வந்து இம்பர்ஃபே தொடங்கும்போதெல்லாம் ரீச்சர் என்னை முன்னுக்கு எழுப்பி, “உருத்திரபுரம் அண்ணாவின்ர கதையைக் கேளுங்கோ” என்று தொடங்குவா. எட்டாம் வகுப்போடு நின்றவன் ஒரு பாடமாகிவிட்டேன். யசோ போனை வைக்க முதல் ஒவ்வொரு நாளும் கேட்பாள்: “ஜெம் ஆ, ஜெமே ஆ?”

நேற்று, விசா வர முதலே, அக்கா என் பெட்டிக்கு மிளகாய்த்தூள் கட்டிக்கொண்டிருந்தா. கட்டி முடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னா:

“டேய், அங்க போய் ஆரும் கேட்டால், அக்காவில பாசம் எண்டு மட்டும் பிரெஞ்சில சொல்லிப்போடாதை. தமிழில சொல்லு, காணும்.”