கோழிக்கு ஒட்டிய சிவப்பு அம்பு

உளுந்து வடையைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இதில் ஓட்டை இருக்கிறது" என்று குறை சொன்ன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவருக்கு நான் பதினோரு வருஷம் சமைத்துப் போட்டேன்.

அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாது. பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் டேப்புத் துரை. நாங்கள் தைக்கிற பனியன்களை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், சரக்கு கப்பல் ஏறும் முன்னால் சரிபார்க்க அவரைத்தான் அனுப்புவார்கள். வருஷத்துக்கு மூன்று தடவை வருவார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் அரை மணி நேரம் நின்றால் பீட்ரூட் நிறம், கழுத்தில் மாலை மாதிரி இன்ச் டேப். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா என்பது எங்களுக்குள் கடைசிவரை தீராத சந்தேகம்.

நான் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் சமையல் செய்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. புது ஆளைக் கண்டால் நாக்கு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். நல்ல வேளையாகச் சமையலறைக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுச்சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. தட்டை அதன் வழியாக நீட்டிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வேன். துரை என்னைப் பார்த்ததெல்லாம் வளையல் வரைக்கும்தான். நான் அவரைக் கதவிடுக்கு வழியாக உச்சி முதல் பாதம் வரை பார்த்திருக்கிறேன்.

வடைக் கதைக்கு வருகிறேன். பனியன் துணியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அது பெரிய குற்றம். அந்தப் பழக்கத்தில்தான் வடையையும் பார்த்திருக்கிறார். சுகந்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். அவள் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக்காரர்களோடு பேசுவதும் மெயில் அனுப்புவதும் அவள் வேலை.

"ஏனுங்க்கா, வடையில எதுக்கு ஓட்டைன்னு கேக்கறாருங்க."

"நடுவுல வேகறதுக்குன்னு சொல்லு கண்ணு."

"சொன்னனுங்க. எல்லா வடையிலயும் இருக்குதான்னு ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கறாருங்க."

பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தது. தட்டு திரும்பி வந்தது. பாத்திரம் கழுவும் காளியம்மா, "லாட்டே ரிஜெக்டுங்க்கா" என்று சொல்லி ஆறு வடையையும் நின்ற இடத்திலேயே தின்று தீர்த்தாள்.

இன்னொரு நாள் தோசை. மூன்று தோசையையும் டேப்பு வைத்து அளந்தார். இரண்டாவது தோசை மற்றதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைச்சலாம். ஒரு காலையில் சந்தகை, அதாவது எங்கள் ஊர் இடியாப்பம், பிழிந்து வைத்தேன். ஒரே ஒரு இழையை உருவி எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, நூல் பார்ப்பது மாதிரி பார்த்தார். "ஒரு எடத்துல தடியா, ஒரு எடத்துல மெலிசா இருக்குதாமுங்க" என்று சேதி வந்தது. நான் என்ன, மில்லா வைத்திருக்கிறேன்?

கடைசியில் அவர் தின்றது என்ன தெரியுமா? பெட்டியில் சட்டை துணிமணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்த ரொட்டி. அதன் மேல் ஊத்துக்குளி வெண்ணெய். இந்த ஊரில் அவர் நம்பியது வெண்ணெய் ஒன்றைத்தான்.

சாயங்காலம் செக்கிங் முடிந்து அவர் "பாஸ்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலாளியிலிருந்து அயர்ன் மாஸ்டர் வரை மூச்சு விடுவார்கள். எனக்கும் ஒரு ஆசை வந்தது. என் சமையலுக்கு ஒரே ஒரு தடவை அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். வீடு தேடி வந்தவர் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் முழுக்கோழி செய்தேன்.

சேவூரிலிருந்து என் தங்கச்சி கூடையில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்த சேவல். மஞ்சள் பூசி வாட்டி, சின்ன வெங்காயமும் மிளகும் அரைத்துத் தடவி, அடிகனமான அண்டாவில் வைத்து, மூடி மேல் தணல் போட்டுச் செந்நிறமாக எடுத்தேன். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை விருந்துக்குக் கோழியைத் தலையோடுதான் வைப்போம். தலை இல்லாவிட்டால் யாரோ தின்ற மிச்சம் மாதிரி. அந்தத் தலையும் தொங்கக் கூடாது. கழுத்துக்குள் ஈர்க்குச்சி செருகி நிமிர்த்தி, முகம் விருந்தாளியைப் பார்த்தபடி வைக்க வேண்டும். அலகில் ஒரு சின்ன வெங்காயம் வைத்தேன். அழகுக்கு.

கதவிடுக்கில் நானும் காளியம்மாவும் நின்றோம். தட்டைப் பார்த்ததும் துரை பீட்ரூட் நிறத்திலிருந்து சுண்ணாம்பு நிறத்துக்கு மாறினார். நாற்காலியை மெதுவாக இடது பக்கம் நகர்த்தினார். எதிரே உட்கார்ந்திருந்த முதலாளி, விருந்தாளிக்கு முகம் தெரியவில்லையே என்று பதறித் தட்டையும் இடது பக்கம் திருப்பினார். துரை வலது பக்கம் நகர்ந்தார். முதலாளி வலது பக்கம் திருப்பினார். சேவல் விடாமல் அவரையே பார்த்தது.

"தலைதானுங்க மரியாதை. சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றார் முதலாளி தமிழிலேயே.

துரை பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துச் சேவலின் தலை மேல் போர்த்தினார்.

"துணி போத்தியாச்சுங்க்கா. இனி மால போட்டு ஒப்பாரி வெக்கறதுதான் பாக்கி" என்றாள் காளியம்மா.

அதோடு விட்டாரா? செக்கிங்கில் பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட, சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதில் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து உரித்து எடுத்தார். சேவல் கொண்டையில் ஒட்டிப் பார்த்தார். எண்ணெயில் நிற்கவில்லை. தட்டின் விளிம்பில் ஒட்டினார். அம்பின் முனை தலையைக் காட்டியது.

கம்பெனி முழுக்க ஒரு வாரம் அதே பேச்சு. அயர்ன் மாஸ்டர் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "ஏனுங்க்கா, கோழி ஆல்டரேசனுக்கு வந்துருச்சாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மனுசன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவள் கோபத்தை எப்படிக் காட்டுவாள்? அதற்குப் பிறகு அவர் வந்தால் எலும்பில்லாத கறியைச் சின்னச் சின்னதாக வெட்டி, காரமில்லாமல், பல் முளைக்காத குழந்தைக்கு வைப்பது மாதிரி வைத்து நீட்டினேன். இரண்டு வாய் தின்பார். பிறகு ஜன்னலைப் பார்ப்பார். இன்னும் ஏதோ குறை கண்டுபிடிக்கிறார் என்று நினைத்து நான் சுவரோரம் ஒதுங்கிக்கொள்வேன். இப்படியே வருஷங்கள் ஓடின.

கடைசியாக வந்த தடவை சுகந்தி ஓடி வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு முழுக்கோழிதான் வேணுமாமுங்க. கையால அளவு காட்டிக் கேக்கறாருங்க."

பத்து வருஷ ஆசை. இந்தத் தடவை தப்பு நடக்கக் கூடாது. அதே மசாலா, அதே அண்டா, அதே தணல். ஆனால் தலையை மட்டும் மறக்காமல் எடுத்துவிட்டேன். தனியாக வாட்டி, காதுடைந்த ஒரு கிண்ணத்தில் காளியம்மாவுக்கென்று மூடி வைத்தேன். தட்டை ஜன்னலில் நீட்டியபோது, ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

துரை தட்டைச் சுற்றிப் பார்த்தார். கோழியைப் புரட்டிப் பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பைக்குள் கை விட்டார். காளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதே சிவப்பு அம்பு. தட்டின் விளிம்பில் ஒட்டினார். முனை, வெட்டிய கழுத்தைக் காட்டியது.

சுகந்தி ஜன்னலுக்கு வந்தாள். "தலை எங்கேன்னு கேக்கறாருங்க்கா."

தலை எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. மூடியைத் திறந்து, நாலு எட்டு வைத்தால் அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். ஆனால் அந்த உடைந்த கிண்ணத்தோடு, சேலை முந்தானையில் கரியோடு, எப்படிப் போவது? அதோடு, மறுபடியும் கேலி செய்கிறார் என்றுதான் தோன்றியது.

"தூக்கி வீசியாச்சுன்னு சொல்லு கண்ணு."

"அக்கா, அந்தக் கிண்ணத்துல..."

"வீசியாச்சுன்னு சொல்லு."

சொன்னாள். துரை தலையாட்டினார். ஒரு காலைப் பிய்த்துத் தின்றார். பிறகு எழுந்து, ஜன்னலைப் பார்த்து லேசாகக் குனிந்தார். "பாஸ்" சொல்லவில்லை. ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை.

அவரை விமானத்துக்கு ஏற்றிவிட்டு வந்த சுகந்தி, மறுநாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அவரு ஊருல ஒரு சீனாக்காரங்க கடைங்களாம். வாத்தைத் தலையோட வறுத்துக் கண்ணாடிக்குள்ள தொங்க விட்டிருப்பாங்களாம். மொத மூணு வாரம் வெளியில நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்துட்டாராமுங்க. அப்பறம் உள்ள போயி, கண்ண மூடிட்டுத் தின்னு, அப்பறம் கண்ணத் தொறந்துட்டும் தின்னு பழகியிருக்காருங்க."

"எதுக்கு கண்ணு?"

"அந்த ஜன்னல்ல வர்ற கைங்க மொதல்ல வெச்ச மாதிரியே வெச்சா, மொகத்தப் பாத்துட்டே தின்னு பாஸ் சொல்லோணும்னு நெனச்சிருந்தாராமுங்க. அந்தக் கோழிக்கு அம்பு ஒட்டுனது தப்புன்னாரு. பத்து வருசமா மனசுல வெச்சிருந்திருக்காருங்க்கா."

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

அடுத்த தடவைக்குத் தங்கச்சியிடம் சொல்லி ஒரு சேவலை வளர்க்க வைத்தேன். துரை வரவில்லை. வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. இப்போதெல்லாம் உள்ளூர் ஆட்களே செக்கிங் செய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் எட்டிப் பார்த்துக்கொள்கிறார்கள். வீடியோவில் வருகிறவருக்கு யார் கோழி வாட்டுவது?

நானும் வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் என் பேத்தி எலும்பில்லாத கறியைத்தான் தின்கிறாள், அதையும் போனில் சொல்லி வரவழைத்து. ஒரு பொங்கலுக்குச் சேவலைத் தலையோடு வைத்தபோது, "அய்யே, அது என்னையே பாக்குது அம்மாயி!" என்று அடுத்த அறைக்கு ஓடிவிட்டாள். டேப்புத் துரையாவது நாற்காலியில்தான் நகர்ந்தார்.

போன மாதம் கம்பெனிப் பக்கம் போனவள் கெஸ்ட் ஹவுஸுக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தக் கடைசிக் கோழித் தட்டு திரும்பி வந்தபோது, அந்த அம்பை வீச மனசு வராமல் உரித்து, ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்தேன். சிவப்பு வெளுத்து இன்னும் அங்கேயே இருக்கிறது. திசை பார்க்காமல் ஒட்டினேன் என்றுதான் நினைத்திருந்தேன். முனை உள்பக்கம், நான் ஒதுங்கி நிற்கும் சுவரோரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் செக்கிங்கில் குறை தப்பியதே இல்லை.