சூரியகாந்திக்குப் பை தைத்த கதை

தேர்வில் வராது என்று ஒரு பாடத்தைப் படிக்காமல் விடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது தேர்வில் வராமல் போகலாம். ஆனால் என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும், அதுவும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பார்த்து வரும்.

எழுபதுகளின் தொடக்கம். தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு எனக்குக் கல்யாணம் செய்து, கடம்பத்தூரில் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அனுப்பிவைத்தார்கள். கணவர் காலையில் ரயிலேறி சென்னைக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பகல் முழுக்க வீட்டில் மாமனார், மாமியார், நான், பிறகு என் பட்டம். (பட்டத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் வாய் திறந்தாலே அதுதான் பேசும்.)

திருவள்ளூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. எனக்குப் போக ஆசை. "ஊட்ல இன்னா கொறச்சலு? சோறு இல்லியா, துணி இல்லியா?" என்றார் மாமியார். "பாக்கலாம்மா" என்றார் மாமனார். அவர் 'பாக்கலாம்' என்று சொன்ன எதையும் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் விவசாய அலுவலர் ஒருவர் சூரியகாந்தி விதையோடு வந்தார். எங்கள் பக்கத்துக்கு அது புதுப் பயிர். மாமனார் கிணற்றடியில் இரண்டு சென்ட் ஒதுக்கினார். நன்றாக வந்தால், அந்த விதையையே எடுத்து அடுத்த விதைப்புப் பருவத்தில் வேர்க்கடலைக் கொல்லை முழுவதும் போடுவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஊர் சிரித்தது. எனக்கு அங்கேதான் ரோஷம் வந்தது. இந்தப் பயிரைக் கண்ணும் கருத்துமாக வளர்த்துக் காட்டினால், 'பாக்கலாம்' என்பது 'போய்ட்டு வாம்மா' என்று மாறாதா?

செடிகள் என் உயரத்துக்கு வளர்ந்தன. மொட்டு வைத்தன. பக்கத்துச் சோளக் கொல்லையில் கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்குவதைப் பார்த்தேன். விதை பிடித்ததும் இங்கேதானே வரும்? ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு துணிப்பை மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். பழைய வேட்டி, புடவை, மாமனாரின் கிழிந்த பனியன், எதையும் விடவில்லை. பத்து நாள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பூ விரியும் முன்பே நானூறு பை கட்டினேன். கடைசி வரிசைக்குத் துணி போதவில்லை. அந்த இருபது செடிகளும் கிளிக்குத் தானம் என்று விட்டுவிட்டேன்.

மாமியார் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏம்மா, பூவு மூஞ்சில துணிய கட்டி வச்சிகிறியே, வண்டு கிண்டு வந்து ஒக்கார வேணாவா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

"வேண்டாம் அத்தை. இதில் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே பூவிலேயே இருக்கு. அதுவே பாத்துக்கும். வெளியிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை."

மாமனார் அவசரமாக வாய்க்காலைப் பார்க்கப் போய்விட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இத்த சொல்லிக் குடுக்கத்தான் காலேஜி வச்சிகிறானுங்களா?" என்றார்.

அறுவடைக்கு அலுவலர் வந்தார். கூடவே வேடிக்கை பார்க்க எட்டுப் பத்து விவசாயிகள். நான் பட்டுப்புடவை கட்டியிருந்தேன். (கொல்லைக்கு! பட்டுப்புடவை!) பைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். உள்ளே கறுகறுவென்று விதை, வரிசை தப்பாமல். ஒரு கிளிகூட வாய் வைக்கவில்லை. "மருமக கைராசி!" என்றார் ஒரு பெரியவர். மாமனார் மீசையைத் தடவினார். தலைகளை அறுத்து, கோணியில் போட்டுத் தட்டினார்கள். மாமியார் முறத்தில் அள்ளி ஒரு புடை புடைத்தார்.

முறத்தில் இருந்ததெல்லாம் காற்றோடு எழும்பிப் பெரியவர் தலையில் போய் இறங்கியது. முறத்தில் மிச்சம் இருந்ததை எண்ணிவிடலாம். ஒரு விதையை நகத்தால் பிளந்தேன். காலி. இன்னொன்று. காலி. நானூறு தலையும் பொக்கு!

அலுவலர் நேராகக் கடைசி வரிசைக்குப் போனார். கிளிகள் பாதி தின்றிருந்த ஒரு தலையிலிருந்து விதையை எடுத்துக் கடித்தார். அந்த 'நறுக்' எனக்கு இங்கே கேட்டது. எனக்கும் ஒன்று கொடுத்தார். உள்ளே கொழுகொழுவென்று பருப்பு.

"பையை எப்பம்மா கட்டினீங்க?"

"மொட்டிலேயே" என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பூத்து முடிஞ்ச பெறகுல்ல கட்டணும்! இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏத்துக்காதும்மா. ஒவ்வொரு செடிக்கும் ஜீன்லயே ஒரு அடையாளம் இருக்கு. மேல வந்து விழுற மகரந்தத்துக்கும் அதே அடையாளம் இருந்தா, பூ அதை முளைக்கவே விடாது. தேனீ வேற செடியிலேருந்து கொண்டாந்து போட்டாத்தான் விதை பிடிக்கும். மேலே தோடு மட்டும் நல்லா வளர்ந்து நிக்கும், உள்ளே ஒண்ணும் இருக்காது."

"அதாவது, பங்காளி ஊட்ல பொண்ணு எடுக்காது" என்றார் பெரியவர், தலையிலிருந்த பொக்கைத் தட்டிக்கொண்டே.

"அதேதான். இதுக்குத் தன்மலடுன்னு பேரு."

அந்தப் பெயரைக் கேட்டதும் என் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கம் அப்படியே கண்முன்னே வந்தது. மகரந்தச் சேர்க்கை, மூன்றாவது பகுதி. 'இது வராது' என்று பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்தேன். தேர்விலும் வரவில்லை. முதல் வகுப்பு வாங்கினேன்.

ஆனால் மாமியார் காதில் விழுந்தது அந்தச் சொல்லின் பின்பாதி மட்டும்தான். முறம் தரையில் விழுந்தது.

"யாரய்யா மலடுன்ற? கண்ணாலம் ஆயி எட்டு மாசந்தான் ஆவுது! எங்க ஊட்டுப் பொண்ண எங்க எதிர்லயே பேசுவியா நீ?"

"ஐயோ, பூவைச் சொன்னேம்மா!"

"பூவுன்னா பூவுன்னு சொல்லணும்! பொட்டப்புள்ளய நிக்க வச்சிகினு இன்னா பேச்சு இது?"

அலுவலர் பின்வாங்கிப் பின்வாங்கி வரப்பு வரைக்கும் போய்விட்டார். விவசாயிகள் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். நான் பட்டுப்புடவையோடு மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். விதை போனதற்கா, மானம் போனதற்கா, அத்தனை நாள் என்னைக் குத்திக்கொண்டே இருந்தவர் எனக்காக ஒரு அரசாங்க அதிகாரியை விரட்டுகிறாரே என்பதற்கா, தெரியவில்லை. மூன்றுக்கும் சேர்த்துத்தான் அழுதிருப்பேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்கள். கணவருக்கு விஷயம் ரயில்வே ஸ்டேஷனிலேயே தெரிந்துவிட்டிருந்தது. (கடம்பத்தூரில் செய்திகள் பாசஞ்சர் வண்டியை விட வேகமாகப் போகும்.) உதட்டைக் கடித்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தார். மாமனார் இலையைப் பார்த்தே சாப்பிட்டார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. டீச்சர் வேலையும் அந்தப் பொக்கோடு பறந்துபோய்விட்டது என்று முடிவே செய்துவிட்டேன்.

ரசம் ஊற்றும்போது மாமியார்தான் வாயைத் திறந்தார்.

"யோவ், இந்தப் பொண்ண அந்த இஸ்கூலுக்கு அனுப்பிடு."

மாமனார் நிமிர்ந்தார். "நீதான வேணான்னு சொல்லிகினு இருந்த?"

"இப்ப நான்தான் சொல்றேன். ஊட்லயே வச்சிகினு இருந்தா அடுத்த போகத்துக்கு நெல்லுக்கும் பை தைச்சிருவா. கட்டிக்க எனுக்குப் பொடவ இல்ல."

கணவருக்குப் புரையேறியது. மாமனார் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தத் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதமே பள்ளியில் சேர்ந்தேன். மகரந்தச் சேர்க்கை, மூன்றாவது பகுதியை ஒவ்வொரு வருஷமும் நானே நடத்தினேன். கேள்வித்தாள் எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோதெல்லாம் அதில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும்.

இன்றைக்கும் யாராவது, "அந்தக் காலத்திலேயே உங்களை வேலைக்கு அனுப்பினாங்களா? எவ்வளவு முற்போக்கான குடும்பம்!" என்று வியந்தால், நான் பதில் சொல்லும் முன்பே என் கணவர் முந்திக்கொள்வார்.

"முற்போக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்களுக்கு நெலத்தக் காப்பாத்த வேற வழி தெரியல."