கால் நனையாத நிபுணர்

நிபுணர்களில் எத்தனையோ வகை உண்டு. கரையில் நின்றபடியே ஏரியின் அடிவயிறு வரை அறிந்துவிடும் வகையை நீங்கள் பார்த்ததுண்டா? அடையாளம் சுலபம். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருப்பார். அதில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது.

எங்கள் ஒரகடம் பக்கத்துக்கு வாய்த்தவர் கோதண்டம். மைக்கைக் கொடுத்தால் போதும், "விஷமெல்லாம் தண்ணியோட ஓடிடாது, அடிச்சேத்துலதான் படியும்! இங்க படியிறது மழைக்கு மழை நகர்ந்து முகத்துவாரம் வரைக்கும் போகும்!" என்று முழங்குவார். முகத்துவாரத்து நண்டுகளை நினைத்து மேடையிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வார். நானே இரண்டு தடவை கைதட்டியிருக்கிறேன், என் புத்தியை என்ன சொல்ல!

போன மாதம் வல்லம் வடகால் பக்கத்து ஏரி ஒன்றைத் தூர்வார ஏற்பாடானது. அள்ளும் சேறு நல்ல வண்டல் என்று, மண்ணைச் சோதிக்க வரும் கோதண்டத்தின் அறிக்கை சொன்னால், மொத்தமும் கோவிந்தம்மாவின் அரை ஏக்கர் கீரைத் தோட்டத்தை ஒட்டிக் கொட்டப்படும். விஷம் என்றால் லாரி வேறு பக்கம் போகும். அந்த அரை ஏக்கர்தான் அவளுக்குச் சோறு.

கோதண்டம் வந்தார். ஜீப் நின்ற இடத்திலேயே இறங்கி, குனிந்து, ஜீப் நிழலிலேயே ஒரு கரண்டி மண்ணைச் சுரண்டி டப்பாவில் போட்டார். கோவிந்தம்மா ஓடிவந்தாள்.

"இன்னா சார், ரோட்டு மண்ண எடுத்துகினு போறீங்க? அந்தாண்ட மூலைல கம்பெனி கொயால கயிவுத் தண்ணி கொட்டுது பாருங்க, அங்க எடுங்க சார்."

"அங்க ஒரே சேறா இருக்கேம்மா!"

கேட்டீர்களா? சேறு எடுக்க வந்தவருக்குச் சேறுதான் இடைஞ்சல்! அப்புறம் இளநீர் குடித்தார், ஏரியைப் பின்னால் வைத்து நாலு போட்டோ எடுத்துக்கொண்டார், தம் வீட்டு மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார், போய்விட்டார். பத்தே நாளில் அறிக்கை வந்தது: 'வளமான வண்டல்.'

அறிக்கையைப் படித்துக் காட்டக் கூட்டம் போட்டார்கள். கோவிந்தம்மா ஒரு மூட்டையோடு வந்தாள். குழாய் மூலையில் தானே இடுப்பளவு இறங்கி அள்ளிய கறுப்புச் சேறு.

"வளமான வண்டலுன்னீங்களே சார். ஒங்க கத்திரிச் செடிக்குப் போடுங்க."

சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்த்து அவர் பூட்ஸ் மேலேயே கவிழ்த்தாள். மனிதர் நாற்காலியோடு துள்ளினார்.

"ஐயோ! விஷம்மா அது!"



"இத்தத்தான் சார் எய்தி குடுக்கச் சொல்றேன்," என்றாள் கோவிந்தம்மா.

எழுதினாரா? 'மறு ஆய்வு தேவை' என்று எழுதினார். அதுவரை லாரி நிற்கிறது, கீரை பிழைத்திருக்கிறது.

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். சர்க்கரை டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பிருந்தே இனிப்பு வாசனைகூடப் படாமல் இருந்து, நாலாம் நாள் ரத்தம் கொடுத்து, 'நார்மல்' என்ற காகிதத்தை வீட்டில் ஆட்டிக் காட்டிவிட்டு, அன்று மாலையே அல்வாக் கடையில் நின்றது யார்? நீங்களும் ஜீப் நிழலில்தான் சுரண்டியிருக்கிறீர்கள், சாமி! கோவிந்தம்மாவிடம் இன்னொரு மூட்டை தயாராக இருக்கிறது. காலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.