அத்தை முன்னால் அழுவதற்கு ஒரு மாற்று ஏற்பாடு

எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டு வாழ்கிறவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் திட்டம் போட்டே மானம் போனவள். இதுவரை நான் நடுங்கியதிலேயே பெரிய நடுக்கம், என் கையாலேயே போட்ட ஒரு மைசூர் பயணத் திட்டத்தால் வந்தது.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அதற்கு முன் மத்திகிரியில் தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டு ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்து வீட்டுக்கு மருமகளாகப் போனேன். லீவு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சூப்பர்வைசர் போன் செய்து, “திங்கக்கெழம வர்றியாம்மா, இல்ல வேற ஆள் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டார்.

வேலைக்குப் போகட்டுமா என்று அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கேட்க வேண்டும். அங்கேதான் சிக்கல். மாமாவைக் கேட்டால், “உங்க அத்தையக் கேளும்மா” என்பார். என் கணவர் சரவணனைக் கேட்டால், “அம்மா சரின்னா எனக்கும் சரி” என்பார். (தாலி கட்டும்போதே இதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.) அத்தை யாரையும் திட்ட மாட்டார். சும்மா ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தோட்டத்து ஆட்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தக்காளி பறிப்பார்கள்.

திங்கட்கிழமைக்கு முந்தைய நாள் குடும்பத்தோடு மைசூர் போவதாக இருந்தது. ஊர் சுற்றுகிற சந்தோஷத்தில் இருக்கும்போது அத்தையிடம் பேச்சை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். போனில் ஒரு பிளானர் ஆப்பை இறக்கி, பயணம் முழுவதையும் அதில் ஏற்றினேன்.

ஏற்றியதில்தான் புத்தி கெட்டுப் போனேன். எங்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வேலையானாலும், எங்கே தப்பு நடக்கும், அதைத் தடுக்க என்ன செய்யலாம், தடுப்பும் சொதப்பினால் மாற்று ஏற்பாடு என்ன என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். நான் அதை நட்டு போல்ட்டுக்கு எழுதுவதுபோல மாமனார் மாமியாருக்கு எழுதினேன். நேரம் வந்ததும் ஆப் அதை வாசித்துக் காட்டும். இயர்போனில் எனக்கு மட்டும் கேட்கும்.

வாடகைக்கு எடுத்த வண்டியைச் சரவணன் ஓட்டினார். முன்னால் மாமா. நடு சீட்டில் அத்தையும் என் நாத்தனாரும். கடைசி சீட்டில் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளோடு நான். அத்திப்பள்ளி தாண்டியதும் சரவணன், “என் போன்ல டேட்டா தீந்துபோச்சு, உன்னுத குடு” என்று வழி பார்ப்பதற்காக என் போனை வாங்கி, வண்டி ஸ்பீக்கரோடு இணைத்து முன்னால் மாட்டிவிட்டார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மத்தூரில் வடை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மாமா பொட்டலத்தில் கையை விட்டார். அப்போது வண்டிக்குள் ஒரு பெண் குரல், தேர்தல் முடிவு வாசிப்பதுபோல நிதானமாகச் சொன்னது:

“வடை. மாமாவுக்கு ஒன்று மட்டும். சுகர் இருக்கிறது. இரண்டாவது கேட்டால் தீர்ந்துவிட்டது என்று சொல்லவும்.”

மாமாவின் கை பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

“யார்றா இவ?” என்றார்.

அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே, “போனைக் கொஞ்சம் குடுங்க” என்றேன். “ரூட்டு போயிடும், சும்மா இரு” என்றார் சரவணன். மைசூருக்குள் நுழையும்போது அந்தக் குரல் மறுபடியும் வாயைத் திறந்தது. “புடவைக் கடை. நாத்தனார் உள்ளே போனால் வெளியே வர மாட்டார். கடை இல்லாத தெருவில் வண்டியை நிறுத்தவும்.” நாத்தனார் திரும்பி என்னைப் பார்த்தார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். அத்தை மட்டும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து யாருடைய முறை என்று எனக்குத்தானே தெரியும்! மூன்று மணிக்கு ஒன்று இருந்தது: “அத்தை நல்ல மனநிலையில் இருப்பார். வேலை விஷயத்தைப் பேசவும்.” அரண்மனையில் எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். நான் போன் இருந்த சரவணனின் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நடந்தேன். போட்டோ எடுக்கிறேன் என்று பொய் சொல்லிப் போனைப் பிடுங்கி, கழிப்பறைக்கு ஓடி, அந்த மூன்று மணியை அழித்தேன். போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். போனையும் தாராளமாகத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும் வழியில் ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியிருப்போம். அத்தை மல்லிகைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு, பூக்காரியிடம் கன்னடத்தில் பேரம் பேசி ஜெயித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையிலேயே நல்ல மனநிலைதான். அந்த நேரத்தில் குரல் வந்தது.

“மாற்று ஏற்பாடு. வேலைக்குப் போக அத்தை மறுத்துவிட்டால் அழவும். அத்தை கண்ணீருக்கு இளகிவிடுவார். கைக்குட்டை கைப்பையின் முன் அறையில்.”

(மூன்று மணியை அழித்தவள், அதற்குப் போட்ட மாற்று ஏற்பாட்டை மறந்திருந்தேன். குவாலிட்டி செக்‌ஷன்!)

சரவணன் பிரேக்கை அழுத்திவிட்டார். அத்தை மெல்லத் திரும்பினார்.

“நான் எத மறுத்தேன்?” என்றார். “நீ எங்கிட்ட ஒன்னுமே கேக்கலியே வினோதா.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பயத்தில் வந்த நிஜ அழுகை, ஏங்கி ஏங்கி, மூக்கு ஒழுக. ஆனால் யார் நம்புவார்கள்? நாத்தனார் என் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து நீட்டி, “சொன்ன எடத்துலயே இருக்குதும்மா” என்று அத்தையிடம் சாட்சி சொன்னார். அழுகையினூடே திங்கட்கிழமை விஷயத்தையும் உளறிக் கொட்டினேன்.

வேலை போச்சு, மரியாதை போச்சு, நாளை விடிந்தால் என் அப்பாவுக்குப் போன் போகும் என்று ஒவ்வொன்றாக நினைத்து நடுங்கிக்கொண்டே வந்தேன். மத்தூரில் டீயும் வடையும் சாப்பிட இறங்கியபோதுதான் அத்தை பேசினார்.

“நேரா கேட்டிருந்தா ஒடனே சரின்னு சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டு நாளு சண்ட போட்டிருப்பேன். ஆனா கேட்டிருக்கணும். என்னப் பாத்தா பேயி மாதிரியா இருக்குது?”

இல்லை என்று தலையாட்டினேன். (அந்த நிமிடம் கொஞ்சம் இருந்தது.)

“வேலைக்குப் போ” என்றார். “உன்ன வூட்ல வெச்சிக்கினா எங்க அல்லாருக்கும் மணியடிச்சி சோறு போடுவ. கம்பெனியில போயி இரும்புக்குப் போடு உன் பிளான.”

மாமா உடனே இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டார். யாரும் தடுக்கவில்லை.

இப்போதும் நான் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். ஆனால் அந்த வீட்டில் என் கண்ணீருக்கு மதிப்பு போய்விட்டது. வெங்காயம் நறுக்கினாலும், சீரியல் பார்த்துக் கலங்கினாலும், கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டு துடித்தாலும், “இது பிளான்ல இருக்குதா?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். ஒரே ஒரு முறைதான் யாரும் கேட்கவில்லை. என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நான் வலியில் அலறி அழ, அத்தை வராந்தாவில் ஓடிப்போய் நர்ஸின் கையைப் பிடித்து இழுத்தாராம்.

“இது பிளான் அழுவ இல்ல தாயி, நெச அழுவ. எனக்குத் தெரியும். சீக்கிரம் வா!”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லையாம். ஆனாலும் ஓடி வந்தார்.