அமரர் அழகுராஜாவின் மூச்சு

அழகுராஜா, தான் செத்துப்போன சேதியைக் காலைக் காப்பியோடு போனில் படித்தார்.

எழுதியிருந்தவர் ராஜகுரு. சென்னைக்காரர், ஜாஸ் விமர்சகர். அழகுராஜா பாளையம்பட்டியில் இருந்துகொண்டு, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு ஊதிப் பிழைப்பவர். அவர் ஆசைக்கு வெளியிட்ட ஒரே ஜாஸ் ஆல்பத்தை, "சாக்ஸபோனில் காற்று வருகிறது, இசை வரவில்லை" என்று போன வருஷம் கிழித்தவர் இதே ராஜகுருதான். இன்றைக்கு அதே ஆல்பம் "காற்றே இசையான அதிசயம்" ஆகியிருந்தது.

"ஏ தங்கச்செல்வி! என்னையச் சாகடிச்சுட்டானுக!"

மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான எழுதியிருக்காக? முழுசாப் படிச்சுட்டு அப்புறமா மறுப்புச் சொல்லுங்க."

படித்தார். மற்ற விமர்சகர்கள் என்ன சொல்வார்கள் என்று அறியும் ஆவல் வந்துவிட்டது. சாயங்காலம்வரை பொறுத்தார். இன்னொருவர், ஆல்பத்தின் நடுவே தும்மல் வந்து வாசிப்பு விட்டுப்போன இடத்தைத் "துணிச்சலான மௌனம்" என்று கொண்டாடியிருந்தார்.

இதற்குமேல் சும்மா இருப்பது தப்பு என்று ராஜகுருவுக்குப் போன் போட்டார்.

"சார், நான் அழகுராஜா..."

எதிர்முனையில் விம்மல். "அந்த மேதையோட பேரைக் கேட்டாலே தாங்கலைங்க..."

மேதை! அழகுராஜாவுக்கு நாக்குப் புரண்டது. "...வோட தம்பி பேசுறேன்."

"நேர்ல வர்றேன். அவரைப் பத்திப் புத்தகமே எழுதப்போறேன்!"

வேறு வழியில்லை. அடையாளம் தெரியக் கூடாதென்று, ஆல்பத்து அட்டைப் படத்தில் இருந்த தன் தாடியை மழித்தார். தங்கச்செல்வி அவர் படத்தைச் சுவரில் மாட்டிச் சந்தன மாலையும் போட்டாள். "பொட்ட மட்டும் அழிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

ராஜகுரு வந்தார். படத்தின் முன் கண்மூடி நின்றார். திரும்பியதும் தங்கச்செல்வியின் நெற்றியில் பார்வை நின்றது.

"எப்பவும் பொட்டோட இருக்கணும்னு அவுகதான் சொல்லிட்டுப் போனாக."

"வாழ்க்கையிலயும் மரபை உடைச்சவர்!" என்று நெகிழ்ந்தவர், அழகுராஜாவைப் பார்த்தார். "தம்பி, நீங்களும் வாசிப்பீங்களா?"

அழகுராஜா சாக்ஸபோனை எடுத்து உயிரைக் கொடுத்து ஊதினார். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. தெருவில் ஆடு பத்திப் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

ராஜகுரு தோளைத் தட்டினார். "பயிற்சி இருக்கு. ஆனா அண்ணன்கிட்ட இருந்த உயிர் உங்ககிட்ட இல்லை."

அழகுராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நாந்தான்யா அழகுராஜா! எனக்கு உசுரு இருக்குய்யா!"

ராஜகுரு அவரை இறுக அணைத்துக்கொண்டார். "புரியுது தம்பி. துக்கம் அப்படித்தான் பேச வைக்கும்."

"ஏ தங்கச்செல்வி, நீயாச்சும் சொல்லு!"

தங்கச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழுந்தன் பேச்ச விடுங்க சார். அவுக போயிட்டாகன்னு மொதமொதல்ல உங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னதே நாந்தான, புருசன் விசயத்துல பொய்யா சொல்லுவேன்?"